ஊசி போட்டாச்சு, கடையில் உட்கார்ந்து சாப்பிடலாமா?

டாக்டர் பதில்கள் – அக்டோபர் 2021

கேள்வி:

நாங்கள் தஞ்சோங் கிளிங்கில் குடியிருக்கிறோம். நான் இங்கே ஃபேக்டரியில் வேலை செய்கிறேன். வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார். இரண்டு பேரும் ஃபைசர் ஊசி இரண்டையும் போட்டு முடித்துவிட்டோம். மகளுக்கு 14 வயது, ஓர் ஊசி போட்டிருக்கிறாள். மகனுக்கு 9 வயது, அவன் வயதுக்கு இன்னும் ஊசி வரவில்லை. எங்களோடு இருக்கும் என் அப்பாவுக்கு 72 வயது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் உண்டு. ஜூலையில் சினோவாக் இரண்டாவது ஊசி போட்டார்.

முன்பெல்லாம் அப்பா தினமும் காலையில் சைக்கிளில் போய் ஒட்டுக்கடையில் தோசை சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்து, கூட்டாளிகளோடு பேசிவிட்டு வருவார். மே மாதம் கடைகளில் உட்கார்ந்து சாப்பிடத் தடை வந்ததிலிருந்து வீட்டோடு இருக்கிறார். இப்போது கடைகள் திறந்துவிட்டன. நான்தான் இன்னும் அனுப்பவில்லை. "ரெண்டு ஊசியும் போட்டாச்சு, இன்னும் என்னம்மா பயம்?" என்று கேட்கிறார். சாப்பாடு குறைந்துவிட்டது. பேச்சும் குறைந்துவிட்டது.

கிள்ளானில் இருக்கும் அண்ணன், தீபாவளிக்கு முந்திய ஞாயிறு குடும்பத்தோடு வருகிறார். மலாக்கா டவுனில் ஏர்கோன் போட்ட வாழை இலைக் கடை ஒன்றில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்கிறார். "ஊசி போட்டவர்களுக்கும்தானே கோவிட் வருகிறது, அப்புறம் ஊசி எதற்கு?" என்று என் நாத்தனார் வேறு கேட்கிறார். அப்பாவைக் கடைக்கு அனுப்பலாமா? மகனைக் கூட்டிப் போகலாமா? அண்ணன் சொல்லும் கடைக்குப் போகலாமா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

– ஒரு வாசகி, தஞ்சோங் கிளிங்

பதில்:

மூன்று கேள்விக்கும் முதலில் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். அப்பா காலையில் தம் ஒட்டுக்கடைக்குப் போகலாம், சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு இந்த வாரமே போகலாம். மகனையும் அந்த மாதிரி திறந்த கடைக்குக் கூட்டிப் போகலாம். அண்ணன் சொல்லும் ஏர்கோன் கடை மட்டும் இப்போது வேண்டாம். அப்பா மூன்றாவது ஊசி போட்ட பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

ஒரே குடும்பத்துக்கு ஏன் இரண்டு விதமான பதில்? ஊசி போட்டாயிற்றா என்பதைக் கடை வாசலில் மைசெஜாத்ரா செயலி பார்த்துக்கொள்ளும். ஆனால் உள்ளே போன பிறகு எந்த மேசையில் உட்கார்வது, எவ்வளவு நேரம் உட்கார்வது என்பதையெல்லாம் அந்தக் கடையின் காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். என்னிடம் வருகிற பலர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். "ஊசி போட்டாச்சு" என்று சிலர் எங்கும் போகிறார்கள். "ஊசி போட்டும் வருகிறதாமே" என்று சிலர் எங்கும் போவதில்லை. இரண்டுமே சரியில்லை.

ஊசி என்ன செய்கிறது?

முதலில் உங்கள் நாத்தனாரின் கேள்வி. அது நியாயமான கேள்வி, ஒளிக்காமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. ஊசி போட்டவர்களுக்கும் தொற்று வருகிறது என்பது உண்மை. டெல்டா வகை பரவத் தொடங்கிய பிறகு அது கூடியிருக்கிறது. 2021 ஜூலையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலக் கடற்கரை ஊர் ஒன்றில் விடுமுறைக் கூட்டம் கூடியது. அதைத் தொடர்ந்து அந்த மாநிலத்தவர் 469 பேருக்குத் தொற்று கண்டார்கள். அவர்களில் 74 விழுக்காட்டினர் இரண்டு ஊசியும் முடித்தவர்கள். அவர்கள் மூக்கிலும் தொண்டையிலும் இருந்த கிருமியின் அளவும், ஊசி போடாதவர்களுடையதும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. ஆகவே ஊசி போட்டவரிடமிருந்தும் பரவலாம் என்பதில் சந்தேகம் இல்லை.

ஆனால் ஊசியின் முதல் வேலை நம்மைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகாமல் காப்பது. அதை நம் மலேசியாவிலேயே கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2021 செப்டம்பரில் வெளியான அந்த ஆய்வின்படி, சினோவாக் போட்ட சுமார் 72 லட்சம் பேரில் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போனவர்கள் 0.011 விழுக்காடு. அதாவது பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவு. ஃபைசர் போட்ட சுமார் 65 லட்சம் பேரில் அது 0.002 விழுக்காடு. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து "சினோவாக் மட்டம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். யார் யாருக்கு எந்த ஊசி போனது, அவர்கள் வயது என்ன, வேறு நோய் என்ன என்பதெல்லாம் மாறும். ஊசிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், தீவிர சிகிச்சைக்குப் போகும் ஆபத்து 83 விழுக்காடும், இறக்கும் ஆபத்து 88 விழுக்காடும் குறைந்திருக்கின்றன.

உங்கள் நாத்தனாருக்கு இதையே சொல்லுங்கள். 2021 ஆகஸ்ட் 26-ஆம் தேதி ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று பதிவானது. அக்டோபரில் அது ஐயாயிரம், ஆறாயிரம் என்று இறங்கியது. பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் ஊசி முடித்த பிறகுதான் அக்டோபர் 11-ஆம் தேதி மாநிலம் கடக்க விட்டார்கள். உங்கள் அண்ணன் கிள்ளானிலிருந்து வர முடிவதும் அதனால்தான்.

அப்பாவின் விஷயத்தில் மட்டும் இரண்டு கூடுதல் கவனம் வேண்டும். ஒன்று, அவருடைய வயது. சினோவாக் தரும் எதிர்ப்புச் சக்தி மாதங்கள் போகப் போகக் குறைகிறது. முதியவர்களுக்கு அது தொடக்கத்திலேயே சற்றுக் குறைவு. அதனால்தான் சினோவாக், சினோஃபார்ம் போட்ட 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மூன்றாவது ஊசி வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2021 அக்டோபர் 11-ஆம் தேதி பரிந்துரைத்தது. நம் நாட்டிலும் அதே மாதம் மூன்றாவது ஊசி போடத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாவது, இனிப்புநீர். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருக்கிறது. மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடம்பில் கோவிட் மோசமாகப் போகும். அப்பாவைக் கடைக்கு அனுப்புவதற்கு முன் நீங்கள் சரிபார்க்க வேண்டிய முதல் எண், அவருடைய சர்க்கரை அளவுதான். கோவிட் பயத்தில் கிளினிக் தவணையைத் தள்ளிப் போட்டிருந்தால் இந்த வாரமே கூட்டிப் போங்கள்.

பரவுவது தட்டிலா, காற்றிலா?

சாப்பாட்டுக் கடை என்றதும் நம் மக்கள் தட்டையும் டம்ளரையும் பற்றித்தான் கேட்கிறார்கள். வாழை இலையில் கிருமி ஒட்டியிருக்குமா, பங்குஸ் வாங்கிய பொட்டலத்தைச் சோப்புப் போட்டுத் துடைக்க வேண்டுமா என்று இன்னும் கேட்பவர்கள் உண்டு. அந்த வழியில் பரவுவது மிகக் குறைவு. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். கவலைப்பட வேண்டியது, பக்கத்து மேசைக்காரர் விட்ட மூச்சு எங்கே போகிறது என்பதைப் பற்றித்தான்.

2020 ஜனவரி 24, சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள். சீனாவின் குவாங்சோ நகரில் சன்னல் இல்லாத ஓர் உணவகத்தின் மூன்றாவது மாடி. வூஹானிலிருந்து முதல் நாள்தான் வந்த ஒரு குடும்பம் அங்கே மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தது. அந்தத் தளத்தில் 83 வாடிக்கையாளர்களும் 8 பணியாளர்களும் இருந்தார்கள். பிறகு அடுத்தடுத்து இருந்த மூன்று மேசைகளைச் சேர்ந்த 10 பேருக்குத் தொற்று வந்தது. அந்த மூன்று மேசைகளும் ஒரே ஏர்கோனின் காற்று சுற்றிச் சுற்றி வந்த வரிசையில் இருந்தவை. அதே தளத்தில் வேறு மேசைகளில் இருந்தவர்களுக்கும், நடந்து நடந்து பரிமாறியவர்களுக்கும் வரவில்லை. பின்னால் அளந்து பார்த்தபோது, அந்த அறைக்குள் வெளிக்காற்று ஏறக்குறைய வரவே இல்லை என்று தெரிந்தது.

அதே ஆண்டு ஜூனில் தென்கொரியாவின் ஜியோன்ஜு நகர உணவகம் ஒன்றில், 6.5 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்த ஒருவரிடமிருந்து ஐந்தே நிமிடத்தில் இன்னொருவருக்குத் தொற்று வந்தது. ஏர்கோன் காற்று ஒருவரிடமிருந்து மற்றவரை நோக்கி வீசிய திசையில் அவர்கள் இருந்தார்கள். ஒரு மீட்டர் இடைவெளி என்று மேசைகளில் சிவப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறோமே, அது தும்மல் துளிக்குத் தடை. மூச்சில் மிதக்கும் நுண்துளிக்கு அது தடை ஆகாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் சாம்பிராணி போடுவதை நினைத்துப் பாருங்கள். கதவு, சன்னல் எல்லாம் திறந்திருந்தால் சில நிமிடங்களில் புகை போய்விடும். அறையைச் சாத்தி வைத்தால் மூலை முடுக்கெல்லாம் நிறைந்து வெகுநேரம் நிற்கும். மேலே காத்தாடி சுற்றினால் புகை கலங்குமே தவிர வெளியே போகாது. கடைக்காரர்களில் பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கடை வரிசைகளில் சுவரில் மாட்டியிருக்கும் சாதாரண ஏர்கோன், உள்ளே இருக்கும் அதே காற்றைத்தான் குளிர வைத்துத் திருப்பி அனுப்புகிறது. புதுக் காற்று ஒரு துளியும் அதன் வழியே வருவதில்லை.

அப்பாவின் கடை

உங்கள் அப்பா தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் இடம், எனக்குத் தெரிந்தவரை, உங்கள் ஊரிலேயே மிகவும் பாதுகாப்பான சாப்பாட்டு இடங்களில் ஒன்றாகத்தான் இருக்கும். தஞ்சோங் கிளிங் கடலோர ஊர். சாலையோரத்து ஒட்டுக்கடை என்றால் மேலே தகரக் கூரை, மூன்று பக்கமும் திறப்பு. காலையில் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து தோசை சாப்பிடுவதால் வரும் ஆபத்து, சாத்திய அறையில் உட்கார்வதைவிடப் பல மடங்கு குறைவு.

ஆனால் எப்படிப் போகிறார், எங்கே உட்கார்கிறார் என்பதைச் சொல்லிக் கொடுங்கள்.

நேரம்: காலை 7 முதல் 9 வரை வேலைக்குப் போகிறவர்கள் கூட்டம். அப்பாவுக்கு அவசரம் இல்லை, ஒன்பதரைக்குப் போகட்டும். புரட்டாசி முடிந்த கையோடு ஆட்டிறைச்சிக்கும் கோழிக்கும் கடைகளில் கூட்டம் கூடியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் சைவச் சாப்பாட்டுக்கு வழக்கமாக வரிசை நிற்கும். மாநிலம் திறந்ததிலிருந்து சனி, ஞாயிறுகளில் கிளேபாங் பக்கமெல்லாம் வெளியூர்க் கார்கள். நவம்பர் 20 மாநிலத் தேர்தல் வேறு, கடைக்குக் கடை ஆட்கள் கூடி அரசியல் பேசுவார்கள். அந்த நேரங்களைத் தவிர்த்தால் போதும்.

இடம்: ஓரத்து மேசை, காற்று முதலில் வந்து தொடும் பக்கம். அடுப்பருகே, சுவர் மூலையில், தொலைக்காட்சிக்கு நேர் எதிரே வேண்டாம். தொலைக்காட்சி சத்தமாக ஓடும் இடத்தில் எல்லாரும் குரலை உயர்த்திப் பேசுவார்கள். குரல் உயர உயர வாயிலிருந்து வெளிவரும் நுண்துளிகளும் கூடும்.

ஆட்கள்: நான்கைந்து பழைய கூட்டாளிகள் என்றால், எல்லாரும் ஊசி போட்டவர்கள்தானா என்று அப்பாவே கேட்டுக்கொள்ளட்டும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தினமும் அதே நான்கு பேரோடு உட்கார்வது, நாளுக்கு ஒரு கூட்டத்தோடு உட்கார்வதைவிட நல்லது.

முகக்கவரி: தோசை வரும்வரை போட்டிருக்கட்டும். சாப்பிட்டு முடித்ததும் திரும்பப் போட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும். கழற்றியதை மேசைமேல் வைக்காமல் ஒரு காகித உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைக்கச் சொல்லுங்கள்.

அவரிடம் பெரிய கைப்பேசி இல்லை என்றால், ஊசி போட்ட அட்டையைக் கையில் கொடுத்தனுப்புங்கள். உங்கள் மைசெஜாத்ராவில் அவரை உங்களைச் சார்ந்தவராகச் சேர்த்து, சான்றிதழை அச்செடுத்தும் கொடுக்கலாம்.

அண்ணன் சொல்லும் கடை

இப்போது ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்துக்கு வருவோம். அண்ணனின் ஆசை எனக்குப் புரிகிறது. மே 12-இல் தடை வந்த பிறகு அண்ணன் தங்கைகள் ஒன்றாக உட்கார்ந்து ஓர் இலையில் கை வைக்கவே இல்லை. ஆனால் தீபாவளிக்கு முந்திய ஞாயிறு, மதிய நேரம், டவுனில் ஏர்கோன் கடை என்று மூன்றும் ஒன்றாகச் சேர்கிறது. கடை நிறைந்திருக்கும், கதவு சாத்தியிருக்கும், உட்கார இடம் கிடைக்கவே முக்கால் மணி நேரம் ஆகும்.

வாழை இலைச் சாப்பாட்டில் இன்னும் இரண்டு விஷயம் உண்டு, மற்றச் சாப்பாட்டில் இல்லாதது. தோசையோ மீயோ என்றால் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இலைச் சாப்பாட்டில் பரிமாறுகிறவர் சோற்றுக்கு ஒரு தடவை, பொரியலுக்கு ஒரு தடவை, குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை என்று உங்கள் முகத்துக்கு அருகே குனிகிறார். நீங்கள் முகக்கவரி இல்லாமல் நிமிர்ந்து "கொஞ்சமா போடுங்க" என்கிறீர்கள். ஒரு நாளைக்கு அவர் எத்தனை இலைக்குக் குனிகிறார் என்று யோசித்துப் பாருங்கள். உங்களைவிட அவருக்குத்தான் ஆபத்து அதிகம். அடுத்தது, கடையின் பின்பக்கம் இருக்கும் கை கழுவும் இடம். சாப்பிட்டு எழுந்தவர்கள் அங்கே வரிசையாக நின்று, முகக்கவரி இல்லாமல், வாய் கொப்பளித்து, காறித் துப்பி, தொண்டையைச் செருமிக்கொள்கிறார்கள். பல கடைகளில் அது சன்னல் இல்லாத ஒடுங்கிய மூலை. கடையிலேயே மிக மோசமான காற்று அங்கேதான் இருக்கும். அப்பா எந்தக் கடைக்குப் போனாலும், கை கழுவ முகக்கவரியோடு போகட்டும். வாய் கொப்பளிப்பதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு மாற்றாக ஒன்று சொல்கிறேன். அண்ணனின் மனமும் நோகாது. அதே கடையிலேயே எல்லாருக்கும் இலைச் சாப்பாடு தாப்பாவ் எடுத்து வரச் சொல்லுங்கள். வீட்டு முன்புறம், கார் நிறுத்தும் கூரைக்கடியில் பாய் விரித்து இலை போடுங்கள். இரண்டு குடும்பமும் இரண்டு வரிசையாக, நடுவே காற்று ஓடும்படி உட்காருங்கள். வீட்டு முன் இடம் போதாது என்றால் பந்தாய் புத்ரி கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது. காலை பத்து மணிக்குள் போனால் நிழலும் இருக்கும், கூட்டமும் இருக்காது.

அண்ணன் வீட்டார் கிளம்பும் முன் அன்று காலையிலேயே சுயப் பரிசோதனைக் கருவியில் பார்த்துக்கொள்ளட்டும். 2021 செப்டம்பரில் அதன் உச்ச விலை 19 வெள்ளி 90 காசு என்று அரசாங்கம் வரம்பு வைத்தது. எல்லாருக்கும் வாங்க வசதி இல்லையென்றால், வெளியே அதிகம் போய் வருகிறவருக்கும், தொண்டை கரகரப்போ மூக்கடைப்போ இருப்பவருக்கும் கட்டாயம் பாருங்கள். ஒரே கோடு, அதாவது தொற்று இல்லை என்று வந்தாலும், அறிகுறி இருந்தால் அந்த ஆள் வர வேண்டாம். தீபாவளி என்று பார்க்காதீர்கள். அப்பாவின் வயதைப் பாருங்கள்.

மகனும் மகளும்

ஊசி முடித்த பெற்றோரோடு பிள்ளைகள் கடையில் உட்கார 2021 அக்டோபர் விதிப்படி அனுமதி இருக்கிறது. 9 வயதுப் பிள்ளைக்குக் கோவிட் வந்தாலும் பெரும்பாலும் இலேசாகப் போய்விடும். அரிதாகச் சில பிள்ளைகளுக்குச் சில வாரம் கழித்துக் காய்ச்சலோடு உடம்பெங்கும் அழற்சி வருவதும் உண்டு. ஆனால் உங்கள் வீட்டில் நான் அதிகம் கவலைப்படுவது அவனிடமிருந்து தாத்தாவுக்குப் போவதைப் பற்றி. பள்ளிகளும் கட்டம் கட்டமாகத் திறக்கின்றன. ஆகவே அவனைத் திறந்த கடைக்கு மட்டும் கூட்டிப் போங்கள். மேசையில் தாத்தாவுக்குப் பக்கத்தில் வைக்காமல் உங்களுக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும் நடுவில் உட்கார வையுங்கள். வீட்டில் அவனுக்குச் சளி பிடித்தால் அன்றைக்குத் தாத்தா தனி அறையில் படுக்கட்டும், சன்னல் திறந்திருக்கட்டும். மகளுக்கு இரண்டாவது ஊசித் தேதி வந்தால் தேர்வு, டியூஷன் என்று தள்ளிப் போட வேண்டாம்.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

இந்தப் பக்கத்தைக் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களும் அக்காமார்களும் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். மாதக்கணக்கில் பொட்டலம் மட்டும் கட்டிக் கொடுத்து, ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து, வாடகையும் கட்டிக் கடையைக் காப்பாற்றியவர்கள் நீங்கள். அந்தச் சிரமத்தை மதித்துத்தான் இதைச் சொல்கிறேன்.

2020 ஜூலையில் கெடாவின் நாப்போவில் தொடங்கிய 'சிவகங்கா' தொற்றுத் தொடரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்தியாவிலிருந்து திரும்பிய நாசி கண்டார் கடை முதலாளி ஒருவர், வீட்டில் தனித்திருக்க வேண்டிய காலத்தில் தம் கடைக்குப் போனார். அங்கிருந்து வாடிக்கையாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் பரவியது. பிறகு அவருக்கு ஐந்து மாதச் சிறையும் 12,000 வெள்ளி அபராதமும் கிடைத்தன. அன்று ஊரே அவரைத் திட்டியது. எனக்கு அதில் தெரியும் பாடம் வேறு. ஒரு சாப்பாட்டுக் கடையில் உடம்பு சரியில்லாத ஒருவர் வேலைக்கு வந்துவிட்டால், வாசலில் எத்தனை ஸ்கேன் வைத்தாலும் பயனில்லை. உங்கள் கடையில் தோசை வார்க்கும் தம்பிக்குக் காய்ச்சல் என்றால், சம்பளம் பிடிக்காமல் படுக்கச் சொல்லுங்கள். சம்பளம் போய்விடும் என்ற பயத்தில்தான் அவர் மாத்திரை போட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்கிறார். அவர் தங்கும் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்றும் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

பிறகு கடையின் காற்று. முன்பக்க இரும்புக் கதவை முழுதாக ஏற்றி விடுங்கள். பின்கதவையும் திறந்தால் காற்று குறுக்கே ஓடும். கை கழுவும் மூலையில் காற்றை வெளியே தள்ளும் காத்தாடி ஒன்று மாட்டுங்கள், அது பெரிய செலவில்லை. ஏர்கோன் இல்லாமல் முடியாது என்றால், ஒரு சன்னலையாவது திறந்து வைத்துக்கொண்டு போடுங்கள். மின்கட்டணம் கொஞ்சம் கூடும், ஆனால் வாடிக்கையாளர் திரும்ப வருவார். கடையில் காற்று நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது வெளியே போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு உள்ளே வாருங்கள். மூக்கில் புழுக்கமும் நேற்றைய தாளிப்பு வாசமும் ஏறினால் அங்கே காற்று மாறவில்லை என்று பொருள். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால், கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவிகள் கிடைக்கின்றன. வெளிக்காற்றில் அது சுமார் 400 காட்டும். கடைக்குள் 800-க்குள் இருந்தால் நல்லது. ஆயிரத்தைத் தாண்டினால் கதவைத் திறக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம், இப்படிப்பட்ட இடங்களில் ஓர் ஆளுக்கு வினாடிக்கு 10 லிட்டர் புதுக் காற்று வேண்டும் என்கிறது.

எப்போது நிறுத்த வேண்டும்?

சகோதரி, கடைக்குப் போய் வந்த பிறகு தினமும் பயந்துகொண்டிருக்க வேண்டாம். ஆனால் அப்பாவுக்குக் காய்ச்சல், இருமல், தொண்டை வலி, மூக்கொழுகல், வழக்கமில்லாத அசதி, வயிற்றுப்போக்கு இவற்றில் எது வந்தாலும் அன்றே சோதித்துவிடுங்கள். ஊசி போட்டவர்களுக்குச் சாதாரணச் சளி மாதிரிதான் தொடங்கும், அதனாலேயே பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். விரலில் மாட்டி உயிர்வளி பார்க்கும் கருவி ஒன்று வீட்டில் இருக்கட்டும். தொற்று உறுதியாகி, 95-க்குக் கீழே இறங்கினால் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம், மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். இனிப்புநீர்க்காரர்களுக்கு மூச்சு வாங்குவது தெரியாமலேயே அளவு இறங்கிவிடுவதுண்டு. சர்க்கரை திடீரென்று ஏறினாலும் அது ஓர் அறிகுறிதான்.

உங்கள் வட்டாரத்தில் தொற்று திரும்பக் கூடத் தொடங்கினால், அல்லது அந்தக் கடையில் வேலை செய்கிறவருக்கு வந்துவிட்டது என்று தெரிந்தால், இரண்டு வாரம் அப்பாவுக்கு வீட்டிலேயே தோசை வாருங்கள். பிறகு திரும்ப அனுப்புங்கள். முழுவதும் அடைத்து வைப்பதும் முழுவதும் திறந்துவிடுவதும்தான் வழி என்று எண்ண வேண்டாம். நிலைமைக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டால் இந்த நோயோடு பல காலம் சமாளிக்க முடியும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது நடுவில் நீங்கள் சொன்ன ஒரு வரி. அப்பாவின் சாப்பாடு குறைந்துவிட்டது, பேச்சும் குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். 72 வயதில் அது சாதாரணம் இல்லை. சாப்பிடாத இனிப்புநீர்க்காரருக்கு மருந்து அளவு தவறும், சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார். நடை நின்றால் கால் சதை வற்றும். பேச ஆளில்லாமல் போனால் மனம் சோர்ந்து நினைவும் மங்கும். காலம் முழுக்க விடியும் முன் எழுந்து பால் வெட்டி, நாலு பேரோடு பேசிச் சிரித்தே பழகிய மனிதர் அவர். தோட்டத்தைவிட்டு வந்த பிறகு அந்த ஒட்டுக்கடை மேசைதான் அவருக்கு மிஞ்சியிருக்கும் சபை. மே மாதத்தில் அதை நிறுத்தி வைத்ததற்குத் தகுந்த காரணம் இருந்தது. இரண்டு ஊசி முடிந்து, கடை திறந்தவெளியில் இருக்கும்போது, அந்தக் காரணம் இன்று இல்லை.

ஆகவே வரிசையாகச் செய்யுங்கள். இந்த வாரம் கிளினிக்கில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து வாருங்கள். அங்கேயே மூன்றாவது ஊசி பற்றிக் கேளுங்கள். மைசெஜாத்ராவைத் தினமும் திறந்து பாருங்கள், தேதி வந்தால் எந்த ஊசி என்று பேரம் பேசாமல் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் நாள் நீங்களும் அப்பாவோடு கடைக்குப் போய், அவருக்கு ஏற்ற மேசையைக் காட்டிக் கொடுத்து, கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த நாளிலிருந்து அவரே போய் வரட்டும்.